‘நீங்கள் வசதியா?’ – ஓர் ஆங்கிலப் பெயரடையும் சீன மாணவர்களும்

ஆங்கிலம் கற்கும் சீன மாணவி ஒருத்தி தன் பேராசிரியரைச் சந்திக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மிகுந்த பணிவோடு ஒரு மடல் எழுதுகிறாள்: “ஆர் யூ கொன்வீனியன்ட் டுமோரோ அட் த்ரீ? இஃப் யூ ஆர் நொட் கொன்வீனியன்ட், ஐ வில் கம் வென் யூ ஆர் கொன்வீனியன்ட்.” எழுத்துப் பிழை இல்லை. வினைச்சொல் சரி, முன்னிடைச்சொல்லும் சரி. அகராதியைத் திறந்தால் ‘கொன்வீனியன்ட்’ என்பதற்கு நேரே அவள் மனத்தில் இருந்த சீனச் சொல்லே நிற்கும். ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பேராசிரியரின் காதில் அது விழும் விதம் வேறு. “நாளை மூன்று மணிக்கு நீங்கள் கைக்கெட்டிய, பயன்படுத்தத் தோதான பொருளாக இருப்பீர்களா?” என்பதற்குச் சற்றுக் கிட்ட அது போய்விடுகிறது. அனுபவமுள்ளவர் புரிந்துகொள்வார். அனுபவமில்லாதவர் சிரிப்பார். வேலை கேட்டு எழுதிய மடலாக இருந்தால் அந்தச் சிரிப்பின் விலை கொஞ்சம் கூடத்தான்.

சீன மொழி பேசுவோர் ஆங்கிலத்தில் விடும் பிழைகளுள் இது மிகப் பிரபலமானது. அங்கே ஆங்கிலம் சிறு பாடமும் அன்று. 2001 ஆம் ஆண்டில் சீனக் கல்வி அமைச்சு ஆரம்பப் பாடசாலைகளில் 3 ஆம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் படிப்படியாகக் கொண்டுவரத் தீர்மானித்தது. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையான ‘காவ்காவ்’வில் சீன மொழி, கணிதம், அந்நிய மொழி ஆகிய மூன்றும் கட்டாயம். அந்நிய மொழியாகப் பெரும்பாலோர் எடுப்பது ஆங்கிலம். இப்படிப் பல வருடங்கள் படித்த பின்னும் இந்த ஒரு பெயரடை மாணவர்களின் காலை வாரிவிடுகிறது. ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. ‘கொன்வீனியன்ட் என்ற சொல்லுக்கு ஆளை எழுவாயாக வைக்காதே’ என்று ஒரு விதியைச் செய்து, பரீட்சைக்குப் பரீட்சை அதைக் கேட்டு, மனனமும் செய்விக்கிறார்கள். பரீட்சைத் தாளில் சரியாக எழுதும் அதே பிள்ளை, மண்டபத்தை விட்டு வெளியே வந்து தன் சிநேகிதிக்குச் செய்தி அனுப்பும்போது ‘ஆர் யூ கொன்வீனியன்ட்?’ என்றே கேட்கிறாள். விதி மண்டையில் இருக்கிறது, பழக்கம் வாயில் இருக்கிறது. ஏன் என்பதைச் சொல்லாத விதிக்கு இதுதான் கதி.

ஆகவே அந்த ‘ஏன்’ என்பதைப் பார்ப்போம். அதற்குத் தமிழ் நமக்கு எதிர்பாராத ஓர் உதவியைச் செய்கிறது.

சீனச் சொல் ‘ஃபாங்பியென்’. இரண்டு எழுத்துருக்கள். ‘ஃபாங்’ என்பது முறை, திசை, சதுரம் என்றெல்லாம் பொருள்படும். ‘பியென்’ என்பது தோதானது, இலகுவானது. இரண்டும் சேர்ந்த சொல்லுக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து பௌத்த நூல்கள் சீனத்துக்குப் போனபோது, ‘உபாய’ என்ற வடமொழிச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஃபாங்பியென்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். கேட்பவரின் நிலைக்கு ஏற்ற வழியில் போதிப்பது என்பதே அங்கு அதன் கருத்து. குமாரஜீவர் சாங்ஆன் நகரில் 406 ஆம் ஆண்டில் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்குத் தலைப்பே இதுதான். ‘உபாயம்’ நம் தமிழிலும் உள்ள சொல். ஆக, இன்று ‘உடனடி நூடில்ஸ்’ பைக்கற்றின் மேலே ‘ஃபாங்பியென் மியென்’ என்று அச்சிடப்பட்டிருக்கும்போது, அதற்குள்ளே ஒரு பழைய உபாயமும் சேர்ந்து வேகிறது என்று சொல்லலாம்!

‘கேட்பவரின் நிலைக்கு ஏற்ற’ என்ற அந்தக் கருத்தின் சாயல் இன்றும் அந்தச் சொல்லில் தங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. சீனர் ஒருவர் “நீ ஃபாங்பியென் மா?” என்று கேட்டால், உன் நேரம், உன் வேலை, உன் வீட்டு நிலைமை, உன் கையிருப்பு, உன் அருகில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, இது உனக்கு இயலுமா என்று கேட்கிறார். “பூ ஃபாங்பியென்”, அதாவது ‘வசதியில்லை’ என்று பதில் வந்தால் காரணம் கேட்பது நாகரிகம் அன்று. மறுக்க விரும்புபவருக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. நம்மூரிலும் “இன்றைக்குக் கொஞ்சம் வசதிப்படாது” என்றால் “என்ன காரணம்?” என்று யாரும் துருவிக் கேட்பதில்லை அல்லவா? அந்த மாதிரிதான்.

(அந்த ‘நீ’ என்பதைக் கவனித்தீர்களா? சீனத்திலும் முன்னிலை ஒருமை ‘நீ’தான். மரியாதையாகச் சொல்லும்போது ‘நின்’. நம் செய்யுளில் வரும் ‘நின்’ போலவே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இரண்டு மொழிகளுக்கும் உறவு கொண்டாடப் புறப்பட வேண்டாம். ஓசை ஒன்றுபட்டது தற்செயல். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள நல்லது.)

இப்போது “நீ ஃபாங்பியென் மா?” என்ற வாக்கியத்தின் கட்டைப் பாருங்கள். ‘நீ’ முதலில் நிற்கிறது. ‘மா’ என்பது நம் ‘ஆ’ போன்ற வினா இடைச்சொல். நடுவில் பெயரடை மட்டும். ஆங்கிலத்தின் ‘ஆர்’, ‘இஸ்’ போன்ற ஒன்றும் இல்லை. சீனப் பெயரடைகள் தாமே பயனிலையாகிவிடும். ‘தா ஹென் காவ்’ என்றால் ‘அவர் மிக உயரம்’. நமக்கும் இது புதிதன்று. நாமும் ‘அவர் உயரம்’ என்று வினைச்சொல் இல்லாமலே முடிக்கிறோம்.

முக்கியமான வேறுபாடு முதலில் நிற்கும் அந்த ‘நீ’யில் இருக்கிறது. சீன வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்பது ஆங்கில இலக்கணம் சொல்லும் கண்டிப்பான எழுவாய் அன்று. ‘இனி நான் பேசப்போவது இதைப் பற்றி’ என்று காட்டும் பேசுபொருள் அது. யுவென் ரென் சாவ் என்ற புகழ்பெற்ற மொழியியலாளர் 1968 இல் வெளிவந்த பேச்சுச் சீன இலக்கண நூலில் இதை விளக்கியிருக்கிறார்: சீனத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள உறவு, செய்பவருக்கும் செயலுக்கும் உள்ள உறவாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பொருளைச் சொல்லி, அதைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னால் போதும். எனவே “நீ ஃபாங்பியென் மா?” என்பதன் உள்ளே இருப்பது, “உன் விடயம் எப்படி? தோதுப்படுமா?” என்பதே. ‘நீ தோதான ஆளா?’ என்பதன்று. சீனரின் காதில் இரண்டுக்கும் குழப்பம் வருவதேயில்லை.

ஆங்கிலத்தில் அந்த இடம் வேறு வகையானது. ‘யூ ஆர் கொன்வீனியன்ட்’ என்றவுடன், கொன்வீனியன்ட் என்ற பண்பு நேரே ‘யூ’ மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘யூ ஆர் டோல்’ என்றால் உயரம் உங்களுடையது. அதுபோலவே தோதான தன்மையும் உங்களுடையதாகிவிடுகிறது. ஆனால் கொன்வீனியன்ட் என்ற பண்பு உரியது நேரத்துக்கு, இடத்துக்கு, ஏற்பாட்டுக்கு. ஆளுக்கு அது வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஆங்கிலம் எழுவாயின் நாற்காலியில் நேரத்தையோ, ஒன்றுமில்லாவிட்டால் ‘இட்’ என்ற வெறும் சொல்லையோ உட்காரவைத்து, ஆளை ‘ஃபோர்’ என்ற முன்னிடைச்சொல்லின் பின்னால் அனுப்புகிறது: ‘இஸ் த்ரீ ஓகிளொக் கொன்வீனியன்ட் ஃபோர் யூ?’ அல்லது ‘இஸ் இட் கொன்வீனியன்ட் ஃபோர் யூ டு மீட் அட் த்ரீ?’

அந்த ‘ஃபோர் யூ’ என்பதைத் தமிழில் சொல்லுங்கள். ‘உங்களுக்கு’. நான்காம் வேற்றுமை. “உங்களுக்கு எப்போது வசதி?” என்றுதான் நாம் கேட்கிறோம். “நீங்கள் எப்போது வசதி?” என்று கேட்பதில்லை. நாம் யாரும் கற்றுக்கொடுக்காமலே ஆளை எழுவாயின் நாற்காலியிலிருந்து எழுப்பி, ‘கு’ உருபு கொடுத்து, பக்கத்தில் அமர்த்திவிட்டோம். எனக்குப் பசிக்கிறது, அவளுக்குத் தெரியும், உம்மாவுக்கு விருப்பம், எனக்கு ஏலாது என்று அனுபவிப்பவரையெல்லாம் நான்காம் வேற்றுமையில் வைப்பது தமிழின் இயல்பு. சீனத்தில் பெயர்ச்சொல் உருபு ஏற்பதில்லை. ‘இன்னாருக்கு’ என்று தனித்துக் காட்ட வேண்டுமானால் ‘துய்’ போன்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாம். ஆனால் அன்றாடக் கேள்வியில் அது தேவைப்படுவதில்லை. தேவைப்படாத ஒன்றை ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் எப்படி நினைத்துக்கொள்வது?

இன்னும் நுட்பமாகப் பார்த்தால் ‘வசதி’ என்பதைவிட நெருக்கமான ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கொன்வீனியன்ட் என்பதன் வேர் இலத்தீன். ‘கொன்’ என்றால் கூட, ஒன்றாக. ‘வெனிரே’ என்றால் வருதல். ஒன்றாக வருதல், பொருந்தி வருதல். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதன் பொருளும் ‘பொருத்தமான, தகுந்த’ என்பதுதான். ‘சிரமமில்லாத’ என்ற கருத்துப் பின்னால் வளர்ந்தது. ஒன்றாக வருதலுக்குத் தமிழில் என்ன? ஒத்துவருதல்! “நாளை மூன்று மணி உங்களுக்கு ஒத்துவருமா?” இது கொன்வீனியன்ட் வாக்கியத்தின் அச்சொட்டான தமிழ். இப்போது அதே சொல்லை வைத்து ஆளை எழுவாயாக்கிப் பாருங்கள். “நீங்கள் ஒத்துவருவீர்களா?” பொருள் அடியோடு மாறிவிட்டது. இது நேரம் கேட்கும் கேள்வி அன்று. எங்கள் பக்கம் சேருவீர்களா, இணங்கி நடப்பீர்களா என்று ஆளையே எடைபோடும் கேள்வி. “அவர் ஒத்துவராத மனிசன்” என்றால் அது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. சீன மாணவியின் மடலைப் படித்த பேராசிரியருக்குள் நடந்த நெருடலை நாம் தமிழிலேயே அனுபவிக்க வேண்டுமானால், இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் போதும்.

அந்த விதி, ‘ஆளை எழுவாயாக வைக்காதே’ என்பது, முழு உண்மையும் அன்று. ஆளை வைக்கலாம். பொருள்தான் மாறும். ஒருவர் எப்போதும் பழியைச் சுமத்தக் கைவாகாகக் கிடைக்கிறார் என்றால் அவரை ‘எ கொன்வீனியன்ட் ஸ்கேப்கோட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். தோதாக அகப்பட்ட பலிகடா. அங்கே கொன்வீனியன்ட் என்பது ஆளின் மேல்தான் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் சுடுகிறது. ஆகவே மாணவருக்குச் சொல்ல வேண்டியது ‘வைக்காதே’ என்பது மட்டுமன்று. ‘வைத்தால் அவரைப் பயன்படும் பொருளாக்கிவிடுகிறாய்’ என்பதே. காரணத்தோடு சொன்னது மறக்காது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அது கொஞ்சம் புளிப்பு முகம். ஒருவர் தனக்குப் பாதகமான ஒன்றை மட்டும் மறந்துபோனால் ‘ஹி கொன்வீனியன்ட்லி ஃபொர்கொட்’ என்பார்கள். வசதியாக மறந்துவிட்டாராம்! (இதை நாமும் அப்படியே சொல்கிறோம்.) ‘ஹவ் கொன்வீனியன்ட்!’ என்று இழுத்துச் சொன்னால் அது பாராட்டு அன்று, சந்தேகம். சீனச் சொல்லில் இந்தப் புளிப்பு இல்லை. 2006 இல் அல் கோர் தோன்றிய, காலநிலை மாற்றம் பற்றிய ஆவணப்படம் ஒன்று வெளியாகி உலகப் புகழ் பெற்றது. அதன் ஆங்கிலத் தலைப்பு ‘ஆன் இன்கொன்வீனியன்ட் ட்ரூத்’. சீனத்துக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள்? ‘பூ ஃபாங்பியென்’ என்ற சொல்லைத் தொடவேயில்லை. சீனப் பெருநிலத்தில் அதன் தலைப்பு, ‘அலட்சியம் செய்ய முடியாத உண்மை’ என்ற கருத்துடையது. தாய்வானில் ‘எதிர்கொள்ள விரும்பாத உண்மை’ என்ற கருத்துடையது. அகராதியில் பக்கத்தில் நின்ற சொல்லை இரண்டு தரப்பாரும் தனித்தனியே தள்ளிவைத்தார்கள். தமிழில் ‘வசதியற்ற உண்மை’ என்றால் எப்படி இருக்கும்? மலசலகூடம் இல்லாத வீடு மாதிரி இருக்கும்.

மலசலகூடம் என்றதும், சீன மொழி வகுப்புகளில் சொல்லப்படும் ஒரு பழைய பகிடியையும் சொல்லிவிடலாம். விருந்தொன்றில் சீனர் ஒருவர் எழுந்து, “கொஞ்சம் ஃபாங்பியென் செய்துவிட்டு வருகிறேன்” என்று போகிறார். புதிதாகச் சீனம் கற்கும் வெளிநாட்டவர் பக்கத்தில் இருப்பவரிடம் பொருள் கேட்கிறார். கழிவறைக்குப் போவதைத்தான் அப்படி இடக்கரடக்கலாகச் சொல்வார்கள் என்று அவர் விளக்குகிறார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து மிகப் பணிவாக, “நீங்கள் ஃபாங்பியென்னாக இருக்கும்போது உங்களைச் சந்திக்க வரட்டுமா?” என்று கேட்கிறார். வெளிநாட்டவர் பதறிப்போய், “அந்த நேரம் மட்டும் வேண்டாம்!” என்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்துக்கும் இதே இடக்கரடக்கல் உண்டு. பிரித்தானிய நகரங்களின் பொதுக் கழிவறைகளில் ‘பப்ளிக் கொன்வீனியன்ஸஸ்’ என்று எழுதியிருப்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வெட்கத்தை ஒரே சொல்லால் மூடியிருக்கின்றன. அகராதி இப்படிப் பல இடங்களில் ஒத்துப்போவதால்தான் மாணவர் அதை அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்.

ஒத்துப்போகாத இடங்களுக்குக் குறைவே இல்லை. ‘இங்கே போக்குவரத்து ஃபாங்பியென்’ என்பது சீனர் தம் ஊரைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் பெருமை. மாணவர் இதை ‘த ட்ரஃபிக் இஸ் கொன்வீனியன்ட்’ என்று எழுதிவிடுவார். சீனத்தில் வாகன ஓட்டத்துக்கும் போக்குவரத்து ஏற்பாட்டுக்கும் ஒரே சொல் என்பதால் இங்கே இரட்டைப் பிழை. ட்ரஃபிக் என்றால் ஆங்கிலேயருக்கு வாகன ஓட்டம். அது எப்படி வசதியாகும்? ‘இட் இஸ் ஈஸி டு கெட் அரவுண்ட்’ என்றால் முடிந்தது. ‘பாட்டிக்குக் கால் ஃபாங்பியென் இல்லை’ என்றால் நடக்க ஏலாது என்று பொருள். ஆங்கிலத்தில் கொன்வீனியன்ட் அங்கே வாசற்படிக்கும் வரக்கூடாது. ‘ஷி ஹாஸ் டிஃபிகல்ட்டி வோக்கிங்’ என்பதே சரி. தொலைபேசியில் ‘பேச ஃபாங்பியென்னா?’ என்றால், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, வேலையாக இருக்கிறாயா என்பது உட்பொருள். ஆங்கிலத்தில் ‘கேன் யூ டோக் நவ்?’ போதும்.

‘கைப்பக்கம் ஃபாங்பியென் இல்லை’ என்றும் ஒரு வழக்கு உண்டு. காசு முடை என்று அர்த்தம். இதை வாசித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஏனென்றால் நாமும் “இப்ப கையில வசதி இல்ல” என்கிறோம். ‘வசதியான குடும்பம்’ என்றால் பணக்காரக் குடும்பம். சீனமும் தமிழும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. ஆங்கிலம் மட்டும் தனியே நிற்கிறது. ‘எ கொன்வீனியன்ட் ஃபெமிலி’ என்று எழுதினால் அது பணத்தைக் குறிக்காது. பணத்துக்கு ஆங்கிலேயர் ‘வெல் ஓஃப்’ என்பார்கள், ஓரளவு வசதியென்றால் ‘கம்ஃபர்ட்டபிள்’ என்றும் சொல்வார்கள். ஆகவே நான்காம் வேற்றுமை நம்மைக் காப்பாற்றியது என்று மிகவும் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். நமக்கான குழி இரண்டடி தள்ளி இருக்கிறது. பஸ் வசதி, தண்ணீர் வசதி, தங்குமிட வசதி என்று நாம் சொல்லும் எதற்கும் கொன்வீனியன்ஸ் பொருந்தாது.

‘கம்ஃபர்ட்டபிள்’ என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. சீன மாணவர் உடம்புக்கு முடியாதபோது ‘ஐ ஆம் நொட் கம்ஃபர்ட்டபிள்’ என்று எழுதி வகுப்புக்கு லீவு கேட்பார். ஆசிரியரோ, வகுப்பில் என்ன சங்கடமோ, யார் மனத்தைப் புண்படுத்தினார்களோ என்று கவலைப்படுவார். சீனத்தில் ‘ஷூஃபு’ என்றால் இதமாக இருத்தல். ‘பூ ஷூஃபு’ என்றால் நோய். நாம் சொல்லும் ‘சுகமில்லை’ அப்படியே! சுகம் என்பது இதம், இதமில்லாமை நோய். இலங்கைத் தமிழில் காய்ச்சல் முதல் பெரிய வருத்தம் வரை எல்லாவற்றுக்கும் ‘சுகமில்லை’ என்ற ஒரு சொல்லே போதுமாயிருக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘அன்வெல்’ அல்லது ‘இல்’ வேண்டும்.

கொன்வீனியன்ட் தனியே நின்று தொல்லை தரும் சொல்லும் அன்று. அதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. டிஃபிகல்ட், ஈஸி, பொசிபிள், இம்பொசிபிள், நெஸஸரி எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ‘எனக்கு வருவது கடினம்’ என்பதைச் சீன மாணவர் ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம்’ என்பார். ஐ ஆம் டிஃபிகல்ட் என்றால் ‘நான் சமாளிக்கக் கடினமானவள்’ என்றாகிவிடும். ‘எனக்கு இலகுவில் தடிமன் பிடிக்கும்’ என்பதை ‘ஐ ஆம் ஈஸி டு கெட் எ கோல்ட்’ என்பார். இந்த ‘ஈஸி’ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றி ‘ஷி இஸ் ஈஸி’ என்று வெறுமனே சொன்னால் ஆங்கிலத்தில் அது அவளுடைய ஒழுக்கத்தை இழித்துரைக்கும் பேச்சு. சிநேகிதியைப் பற்றி நல்லது சொல்ல நினைத்து இப்படி எழுதிவிட்டால் யாருக்கு அவமானம்? ‘ஷி இஸ் ஈஸி டு டோக் டு’ என்று முடித்தால் மட்டுமே, பழகுவதற்கு இனியவள் என்ற நல்ல பொருள் வரும்.

இந்தக் கூட்டம் முழுவதற்கும் தமிழ் மாணவிக்குக் கைகொடுக்கும் உரைகல் ஒன்றுதான். சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆளின் பெயரில் ‘கு’ வந்தால், எனக்கு, உங்களுக்கு, அவளுக்கு என்று வந்தால், ஆங்கிலத்தில் அந்த ஆள் ‘ஃபோர்’ என்பதன் பின்னால் போக வேண்டும், முன்னால் ‘இட் இஸ்’ வரவேண்டும். எனக்குக் கடினம்: இட் இஸ் டிஃபிகல்ட் ஃபோர் மீ. உங்களுக்கு அவசியம்: இட் இஸ் நெஸஸரி ஃபோர் யூ. எல்லா ஆங்கில வாக்கியத்துக்கும் இது பொருந்தாது. எனக்குப் பசி என்பதை ‘இட் இஸ் ஹங்ரி ஃபோர் மீ’ என்றால் சிரிப்பார்கள். உடம்பும் மனமும் உணர்வதை ஆங்கிலம் ஆளின் மேலேயே வைக்கும். நேரம், வேலை, ஏற்பாடு ஆகியவற்றின் தன்மையைச் சொல்லும் பெயரடைகளுக்கே இந்த உரைகல். சீன மாணவருக்கு உருபு இல்லாததால் அவர் இன்னொரு கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: தோதானது எது? நானா, நேரமா? நேரம் என்றால் நேரத்தை எழுவாயாக்கு.

சீனச் சொல்லின் பணிவை ஆங்கிலத்தில் காப்பாற்ற வேண்டுமானால் பல வேளைகளில் கொன்வீனியன்ட் என்ற சொல்லையே விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ‘ஆர் யூ ஃப்ரீ டுமோரோ?’ என்பதில் ஆளே எழுவாய். சீனரின் பழக்கத்துக்கும் அது இடைஞ்சல் இல்லை. ‘வுட் த்ரீ ஓகிளொக் சூட் யூ?’ என்பது பேராசிரியருக்கு எழுத மிக அழகானது. நண்பர்களிடையே ‘டஸ் த்ரீ வேர்க் ஃபோர் யூ?’ போதும். கடிதங்களில் வரும் ‘அட் யோர் ஏர்லியஸ்ட் கொன்வீனியன்ஸ்’ என்ற தொடரை மட்டும் மேலிடத்துக்கு எழுதும்போது யோசித்துப் பயன்படுத்த வேண்டும். ‘உங்கள் வசதிப்படி’ என்று தொடங்கி ‘சீக்கிரம்’ என்று நெருக்குவதால், அதைப் பணிவாக எடுப்பவர்களும் உண்டு, உத்தரவாக எடுப்பவர்களும் உண்டு. ‘அட் யோர் கொன்வீனியன்ஸ்’ என்று நிறுத்தினால் அந்தச் சந்தேகம் இல்லை.

இடத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு வேறுபாடு. நிலையத்துக்குக் கிட்டிய ஹோட்டலை பிரித்தானியர் ‘கொன்வீனியன்ட் ஃபோர் த ஸ்டேஷன்’ என்பார்கள். அமெரிக்கர் ‘கொன்வீனியன்ட் டு த ஸ்டேஷன்’ என்பார்கள். நமது பாடசாலைகளில் கற்பிப்பது பிரித்தானிய மரபென்பதால் ஃபோர் என்று எழுதுவதே நமக்குப் பாதுகாப்பு.

அந்த மாணவியின் மடலை இனித் திருத்தி எழுதலாம். “வுட் த்ரீ ஓகிளொக் டுமோரோ பி கொன்வீனியன்ட் ஃபோர் யூ, ப்ரொஃபெசர்? இஃப் நொட், ஐ கேன் கம் அட் எனி டைம் தட் சூட்ஸ் யூ.” முதலில் அவள் எழுதியதிலும் இவ்வளவு மரியாதை இருந்தது. இப்போது அது பேராசிரியரின் காதுக்கும் கேட்கிறது.

பயிற்சிக்குச் சில வாக்கியங்கள் தருகிறேன். இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்? எங்கள் ஊருக்கு பஸ் வசதி இல்லை. வாப்பாவுக்கு இந்த மாதம் கை முடை. ராத்தாவுக்கு இன்றைக்குச் சுகமில்லை, அதனால் அவவுக்கு வர ஏலாது. டீச்சருக்கு வசதியான நேரத்தில் நாங்கள் வருகிறோம். இவற்றுள் கொன்வீனியன்ட் எத்தனை தடவை வருகிறது, வருமிடத்தில் எழுவாயாக யார் நிற்கிறார், எது நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.